சீருடை கழற்றிய பின்னும்

நுழையும்முன்

காவலர் ஒருவர் பணியில் இருக்கும்போது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விதிகள் உள்ளன. பணி முடிந்து வீடு திரும்பிய பின்னரும் அவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் உள்ளன என்பதைப் பலர் அறியார். அவ்விதிகள் யாருக்காக எழுதப்பட்டன, யாரைக் காக்கின்றன என்பன இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

சேலத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை அயோத்தியாப்பட்டணத்தில் இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து அரூருக்குச் செல்கிறது. மற்றொன்று வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் வழியாக ஆத்தூரை அடைகிறது. குச்சிக்கிழங்கு என்று இவ்வட்டாரத்தார் வழங்கும் மரவள்ளியைச் சவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளும், மாம்பழப் பருவத்தில் கூடை கூடையாய்ப் பழம் சுமந்து வரும் சிற்றுந்துகளும், பள்ளி கல்லூரிப் பேருந்துகளும் காலை வேளையில் அங்கே ஒன்றையொன்று நெருக்கும். அந்நெரிசலின் நடுவே காக்கிச் சீருடையில் ஒரு காவலர் நிற்பார். அவர் கை உயர்ந்தால் வண்டிகள் நிற்கும். கை அசைந்தால் பிள்ளைகள் சாலையைக் கடப்பர். தம்மினும் வலியதோர் ஊர்தியை ஒரு மனிதரின் உள்ளங்கை நிறுத்துவது வியப்புக்குரிய செய்தியே. அக்கைக்கு அந்த ஆற்றலைத் தந்தது உடல்வலிமை அன்று. சட்டத்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை.

அதே காவலர் மாலையில் பணி முடித்து, சீருடையைக் களைந்து, வேட்டியும் சட்டையும் அணிந்து தேநீர்க் கடைக்கு வருகிறார் என்று கொள்வோம். தேநீர் அருந்துகிறார். காசு தர முற்படுகிறார். "இருக்கட்டுங்க சார்" என்கிறார் கடைக்காரர். பக்கத்தில் நின்று தேநீர் அருந்திய கூலித் தொழிலாளியிடம் அவர் அவ்வாறு சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். சட்டப்படி அப்போது அந்தக் காவலர் ஓய்வில் இருக்கலாம். ஆயினும் கடைக்காரரைப் பொறுத்தவரை அவர் இன்னும் பணியில்தான் இருக்கிறார். கடைக்கு வெளியே வாடிக்கையாளர் நிறுத்தும் இருசக்கர வண்டிகளும், இரவில் சிறிது நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும் கடையின் கதவும் அவருடைய மனத்தில் ஓடியிருக்கும். ஒரு கோப்பைத் தேநீரின் விலை சிறிது. ஆனால் அது தரப்பட்டது அன்பினாலா, அச்சத்தினாலா என்பதைக் கொடுத்தவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. காவலரின் ஒழுக்கம் குறித்த சிக்கல் முழுவதும் இந்தத் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியக் காவல்துறையின் சட்ட அடித்தளம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடப்பட்டது. சென்னை மாகாணத்தில் அதற்குத் தனியான ஒரு பின்னணி உண்டு. வரி தண்டும் பணியும் காவல் பணியும் அக்காலத்தில் ஒரே அலுவலர் கையில் இருந்தன. வரி செலுத்த இயலாத உழவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் வதைக்கப்பட்டனர் என்னும் முறையீடுகள் எழுந்தன. அவற்றை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் முதலிய வதைகள் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. தமிழ்ச் சொற்கள் இப்படியொரு காரணத்திற்காக ஆங்கில அரசின் ஆவணத்தில் ஏறியது வருந்தத்தக்கது. அவ்வறிக்கைக்குப் பின்னரே வரித்துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட்டு, 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. ஆக, தமிழ்நாட்டில் இன்றைய வடிவிலான காவல்துறை தோன்றியதற்கு, அதிகாரத்தில் இருப்போர் எளியவர்மீது கைவைத்ததும் ஒரு காரணமாகும். வரலாற்றின் இந்தப் பகுதியைக் காவலர் பயிற்சி மேற்கொள்வோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இரண்டாண்டுகளுக்குப் பின் வந்த 1861ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டம், தன் 22ஆம் பிரிவில், காவல் அலுவலர் ஒவ்வொருவரும் எப்போதும் பணியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்று கூறுகிறது. ஆசிரியருக்குப் பள்ளி மணி உண்டு. அலுவலருக்கு அலுவலக நேரம் உண்டு. காவலருக்கு மட்டும் கடிகாரம் இல்லை என்பதே அப்பிரிவின் உட்பொருள். அடிமைப்பட்ட மக்களை எந்த நேரத்திலும் அடக்கத் தக்க ஒரு படையை வைத்திருக்க விரும்பிய ஆட்சி அப்படி எழுதியதில் வியப்பில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும் அக்கருத்து மாறவில்லை.

"எப்போதும் பணியில்" என்னும் அத்தொடரை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். எப்போதும் அதிகாரம் உண்டு என்பது ஒரு பொருள். எப்போதும் பொறுப்பு உண்டு என்பது மற்றொரு பொருள். நடைமுறையில் முதற்பொருளே வேரூன்றியிருக்கிறது. உறவினர் வீட்டு எல்லைத் தகராற்றில் "நான் போலீஸ்" என்று குரல் உயர்த்துபவரும், நிலச் சிக்கலிலும் கடன் சிக்கலிலும் நீதிமன்றத்திற்குப் போக வேண்டியவர்களை மடக்கிக் கட்டப் பஞ்சாயத்துச் செய்பவரும் அந்த முதற்பொருளின்படியே வாழ்கின்றனர். சட்டத்தை நுணுகிப் பார்த்தால் அதற்கு இடமே இல்லை. காவலருக்குள்ள ஒவ்வோர் அதிகாரமும் ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காகத் தரப்பட்டது. நோக்கம் இல்லாதபோது அதிகாரமும் இல்லை. பொறுப்போ அப்படி விட்டு விலகுவதில்லை.

இந்திய அரசின் உள்துறை அமைச்சகம் 1985 ஜூலை 4 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய காவலர் நடத்தை நெறிமுறை இரண்டாம் பொருளையே வற்புறுத்துகிறது. காவல்துறைத் தலைவர்கள் 1960ஆம் ஆண்டு மாநாட்டில் ஏற்றுக்கொண்ட நெறிகளின் தொடர்ச்சி அது. காவலர் தம் அதிகாரத்தின் எல்லையை அறிந்து மதிக்க வேண்டும். நீதிமன்றத்தின் பணியைத் தாமே கையில் எடுத்துத் தீர்ப்பு வழங்கவோ தண்டிக்கவோ கூடாது. இயன்றவரை அறிவுரையாலும் எச்சரிக்கையாலும் சட்டத்தை நிலைநாட்ட வேண்டும் என்று அது கூறுகிறது. தனிவாழ்விலும் அலுவல் வாழ்விலும் எண்ணத்தாலும் செயலாலும் நேர்மையாளராய் இருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. காவலரும் பொதுமக்களுள் ஒருவரே. எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கடமையை அவர் முழுநேரமாக, ஊதியம் பெற்றுச் செய்கிறார் என்பதே வேறுபாடு என்னும் கருத்தும் அதில் உண்டு. ஐக்கிய நாடுகள் பொது அவை 1979 டிசம்பர் 17 அன்று ஏற்றுக்கொண்ட, சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலர்களுக்கான நடத்தை நெறிமுறை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தவிர்க்க முடியாத நிலையில், தேவையான அளவுக்கு மட்டுமே வலிமையைப் பயன்படுத்தலாம் என்கிறது. மேலதிகாரியின் ஆணையைக் காட்டி வதைத்தலை நியாயப்படுத்த முடியாது என்கிறது.

விதிநூலின் கண்கள்

தமிழ்நாட்டில் சார்நிலைக் காவல் அலுவலர்களுக்கென 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இயற்றப்பட்டன. விதிமீறலுக்கான தண்டனைகளை 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் வகுத்துள்ளன. அவற்றின் மூன்றாம் விதியில் உள்ள இரு உட்பிரிவுகளின் பெயரைக் கேட்டாலே காவலர் குடும்பங்கள் கலங்கும். ஒன்று சிறு தண்டனைக்குரியது. மற்றொன்று விரிவான விசாரணைக்கும் பணிநீக்கம் வரையிலான பெருந்தண்டனைக்கும் வழிவகுப்பது.

அரசுப் பணியாளர்களுக்கான நடத்தை விதிகள் பெரும்பாலும் எவற்றைப் பற்றிப் பேசுகின்றன என்று பார்ப்பது பயனுடையது. பரிசு பெறுதல், கடன்படுதல், சொத்து வாங்குதல், வேறு தொழில் நடத்துதல், மனைவி இருக்க மறுமணம் செய்தல், அரசியலில் ஈடுபடுதல், அரசைக் குறைகூறி எழுதுதல் ஆகியவற்றை அவை கட்டுப்படுத்துகின்றன. காவலர்கள் சங்கம் அமைப்பதையும் செய்தித்தாளுக்கு எழுதுவதையும் 1966ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று வரையறுக்கிறது. இவை தேவையற்றவை அல்ல. கடனில் மூழ்கிய காவலர் கையூட்டுக்கு எளிதில் இரையாவார். கட்சிக் கொடி பிடிக்கும் காவலரிடம் மாற்றுக் கட்சிக்காரர் முறையிட வரமாட்டார். எனினும் இவ்விதிகளின் கண்கள் பெரும்பாலும் மேல்நோக்கியே உள்ளன. அரசின் மதிப்புக்கு இழுக்கு நேரக்கூடாது, மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் கவலையே அவற்றில் மிகுதி. காவல் நிலையத்திற்கு முறையிட வரும் ஒரு முதியவளை 'நீ' என்று அழைக்கலாமா, 'நீங்கள்' என்று அழைக்க வேண்டுமா என்பதில் அத்தகைய அக்கறை இல்லை. அணிவகுப்புக்குக் கால்மணி நேரம் பிந்தி வந்த காவலர் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஓர் ஏழையைக் கன்னத்தில் அறைந்த காவலர், அந்த ஏழை முறையிட்டால் மட்டுமே, அம்முறையீடு ஏற்கப்பட்டால் மட்டுமே, விளக்கம் தர வேண்டியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் விதிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் விளையும் நன்மை சிறிதே.

காவலர் ஒழுக்கம் பற்றித் தமிழ் இலக்கியம் பேசாமல் இல்லை. நள்ளிரவில், மழை பொழியும் வேளையிலும் சோர்வின்றி மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி போற்றுகிறது. சிலப்பதிகாரமோ வேறொரு காவலனைக் காட்டுகிறது. கோவலனைக் கொல்ல வந்தவர்கள் அவனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்களின் ஐயத்தைக் குலைக்கிறான். அப்போது கல்வியறிவில்லாத, கள்ளுண்டு மயங்கிய ஒருவன், விசாரணை எதுவும் இன்றி, வாளால் வெட்டி வீழ்த்திவிடுகிறான். அரசன் ஆராயாது இட்ட ஆணையையே நாம் அக்காதையில் பெரிதாகப் பேசி வருகிறோம். பணிநேரத்தில் மது அருந்தியிருந்த ஒரு காவலனும், ஐயம் எழுந்தும் அவனைத் தடுக்காமல் நின்ற பிற காவலர்களும் அந்தக் கொலையில் பங்குடையவர்கள் என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஐயம் கொண்டவர்களுள் ஒருவர் அக்கையைப் பிடித்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

இரண்டு ஜூன் மாதங்கள்

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்குக் காலத்தில் குறித்த நேரத்திற்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பின்னர், ஜூன் 22 அன்று இரவு மகனும் 23 அன்று காலை தந்தையும் உயிரிழந்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. அந்நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவருமாறு நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. வருவாய்த்துறையிலிருந்து காவல்துறையைப் பிரித்த 1859ஆம் ஆண்டை எண்ணினால், அவ்வாணையின் பொருள் எத்துணை கசப்பானது என்பது விளங்கும். காவல் நிலையத்துக் கண்காணிப்புக் கருவிகளின் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததும் அப்போது வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், காவல் நிலையங்கள் அனைத்திலும் ஒலியும் ஒளியும் பதிவாகும் கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என்றும், பதிவுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

சாத்தான்குளம் நிகழ்வில் மறக்கத்தகாத ஒருவர் உண்டு. அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை நடுவரிடம் அச்சத்தினூடே எடுத்துரைத்தார். உடன் பணிபுரிபவர்களுக்கு எதிராகச் சான்று கூறுவது காவல்துறையில் எளிதன்று. பணியிடத்தில் தனிமை, இடமாற்றம், வீட்டுக்கு வெளியே காத்திருக்கும் கண்கள் என அதற்குரிய விலை பெரிது. நடத்தை விதிகள் அனைத்தும் எதை எதிர்பார்க்கின்றனவோ அதனை அவர் செய்தார்.

சரியாக ஓராண்டு கழிந்தது. 2021 ஜூன் 22. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையை ஒட்டிய வட்டாரத்தில், கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் வழியில் உள்ள பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச்சாவடி. ஊரடங்கினால் சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தன. மலையைக் கடந்து அண்டை மாவட்டத்திற்குச் சென்று, மது அருந்திவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பிய சிலரைக் காவலர்கள் நிறுத்தினர். வாக்குவாதம் எழுந்தது. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கோலால் அடித்தார். அடிபட்டு வீழ்ந்த சிறுவணிகர் மறுநாள் மருத்துவமனையில் உயிரிழந்தார். அடித்த காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. அடித்தவர் கைது செய்யப்பட்டார்.

இறந்தவர் மது அருந்தியிருந்தார், ஊரடங்கை மீறியிருந்தார், கடுஞ்சொல்லும் சொல்லியிருக்கலாம். அவை அனைத்தையும் ஒப்புக்கொண்டே இந்நிகழ்வை எடைபோட வேண்டும். அவர் செய்தவற்றுக்குச் சட்டத்தில் தண்டம் உண்டு, வழக்கு உண்டு, வண்டியைப் பறிமுதல் செய்ய வழி உண்டு. நின்றிருக்கும் ஒரு மனிதரைக் கோலால் அடிக்க எந்தச் சட்டப் பிரிவும் இடம் தரவில்லை. கைது செய்யப்பட்டவரையும் தப்பிச் செல்லாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நிலைப்பாடு. மேலும் ஒன்று. சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது இரண்டாம் நிலைக் காவலராய்ச் சேர்ந்தவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுப் பணிக்குப் பின் அடையும் நிலை. அந்த அடி அறியாத இளைஞர் ஒருவரின் கையிலிருந்து விழவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் அக்கையை எவரும் தடுக்கவில்லையா என்று கேட்காமல், அவர் ஒருவரைக் கைது செய்ததோடு கோப்பை மூடுவது நேர்மையாகாது.

கைதட்டுபவர்கள்

தவறு காவலரிடம் மட்டுமே உள்ளது என்று கூறுவதும் பொருந்தாது. ஊரடங்கின்போது சாலையில் திரிந்தவர்களைக் காவலர் தோப்புக்கரணம் போடவைத்த காட்சிகளையும், பின்னங்காலில் அடித்து விரட்டிய காட்சிகளையும் மக்கள் சிரித்துக்கொண்டே பகிர்ந்தனர். திரைப்படத்தில் நீதிமன்றத்தைப் புறந்தள்ளிக் குற்றவாளியைச் சுட்டு வீழ்த்தும் காவல் அதிகாரிக்கு அரங்கம் அதிர்கிறது. மகன் சொற்பேச்சுக் கேட்கவில்லை என்றால், "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்" என்று காவல் நிலையத்தில் சொல்லும் பெற்றோரும் இருக்கின்றனர். அடி பிறர்மீது விழும்வரை அது ஒழுங்கு. தம்மீது விழுந்தால் கொடுமை. இத்தகைய மனநிலை நிலவும் நாட்டில் காவலர் மட்டும் நெறி பிறழாமல் நிற்க வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையே. எனினும் அந்த எதிர்பார்ப்பைக் கைவிட முடியாது. ஏனெனில் கோலும் துப்பாக்கியும் கைவிலங்கும் அவரிடமே உள்ளன.

பதினாறு வயது மாணவர் ஒருவர் தந்தையின் வண்டியை எடுத்துக்கொண்டு, தலைக்கவசம் இன்றி, ஓட்டுநர் உரிமமும் இன்றி அயோத்தியாப்பட்டணச் சந்திப்பைக் கடக்க முயல்கிறார் என்று கொள்வோம். காவலர் நிறுத்துகிறார். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சட்டம் போதிய அளவு கடுமையாகவே இருக்கிறது. அதில் கன்னத்தில் அறைவதற்கு இடமில்லை. வசைச் சொல்லுக்கு இடமில்லை. ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதற்கும் இடமில்லை. "அறைந்து அனுப்பிவிட்டார், வழக்குப் போடவில்லை, நல்ல மனிதர்" என்று அம்மாணவரின் வீட்டார் மகிழக்கூடும். அவர்கள் மகிழ்வது தவறு. அறைந்தவர் தமக்கில்லாத அதிகாரத்தைச் செலுத்தினார். வழக்கைப் பதியாமல் விட்டுத் தமக்குள்ள கடமையைத் துறந்தார். ஒரே செயலில் இரு விதிமீறல்கள் நிகழ்ந்துள்ளன.

பணி முடிந்த பின்

அங்ஙனமாயின் காவலரின் தனிவாழ்வு முழுவதையும் அரசு கண்காணிக்கலாமா? கூடாது. அவர் எந்தக் கடவுளை வணங்குகிறார், என்ன உண்கிறார், யாரைக் காதலித்து மணக்கிறார் என்பன அவருடைய உரிமைகள். கண்காணிப்பு அங்கெல்லாம் நுழைந்தால் நல்லவர்கள் அப்பணிக்கு வரமாட்டார்கள். எல்லையை எங்கே வரைவது என்பதற்குத் தேநீர்க் கடைக்காரரே விடை தருகிறார். எதிரில் நிற்பவர் ஒருவரைக் காவலர் என்பதனால் அஞ்சுகிறாரா, விட்டுக்கொடுக்கிறாரா, நம்புகிறாரா? அப்படியானால் அங்கே நடத்தை விதி பின்தொடர வேண்டும். ஓய்வுநாளில் வட்டிக்குப் பணம் விடும் காவலரிடம் கடன் வாங்கியவர் முறையிட எங்கே போவார்? சாதிச் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர் மறுநாள் வன்கொடுமைப் புகாரை விசாரித்தால் புகார் கொடுத்தவருக்கு என்ன நம்பிக்கை இருக்கும்? வீட்டில் மனைவியை அடிப்பவர், குடும்ப வன்முறை பற்றிப் புகாரளிக்க வந்த பெண்ணிடம் எந்த முகத்தோடு பேசுவார்? இவையெல்லாம் பணிநேரத்திற்கு வெளியே நிகழ்பவை. பணியைப் பாதிப்பவையும் இவையே.

நம்பிக்கை எவ்வளவு ஆபத்தான பொருளாக மாறக்கூடும் என்பதை இலண்டன் நகரம் 2021 மார்ச் மாதத்தில் கண்டது. பணி முடித்திருந்த காவலர் ஒருவர், தம் அடையாள அட்டையைக் காட்டி, தனியே நடந்து சென்ற இளம்பெண் ஒருவரைப் பொய்யாகக் கைது செய்து கடத்திக் கொலை செய்தார். அவருக்கு வாழ்நாள் முழுவதும் சிறையிலிருந்து வெளிவர இயலாத தண்டனை விதிக்கப்பட்டது. பணியில் இருக்கும்போதும் இல்லாதபோதும் பொருந்தும் ஒழுக்க நெறிமுறை பிரித்தானியக் காவலர்களுக்கு 2014 முதலே இருந்தது. விதி இருந்தும் இக்கொடுமை நிகழ்ந்தது. காரணம் எளிது: அட்டையைக் கண்டால் கேள்வி கேட்காமல் பணிய வேண்டும் என்று மக்கள் பழக்கப்பட்டிருந்தனர். நம் நாட்டில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் வகுத்த பதினொரு கட்டளைகளுள் முதலாவது, கைது செய்பவரும் விசாரிப்பவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்பதாகும். கைதுக்குறிப்பு எழுதப்பட வேண்டும், அதில் சாட்சி கையொப்பமிட வேண்டும், உறவினருக்குச் செய்தி தெரிவிக்கப்பட வேண்டும் என அக்கட்டளைகள் தொடர்கின்றன. அவற்றைக் காவல் நிலையங்களில் எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் நீதிமன்றத்தின் ஆணையே. "உங்கள் பெயர் என்ன?" என்று காவலரைப் பணிவோடு கேட்பது எதிர்ப்பன்று, அது சட்டம் தந்த உரிமை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "எப்போதும் பணியில்" என்னும் அதே தொடரைக் காட்டித்தான் காவலரின் ஓய்வும் பறிக்கப்பட்டு வந்தது. திருவிழா, தேர்தல், தலைவர் வருகை, போராட்டம் என ஒன்று முடிய மற்றொன்று வரும். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானோருக்கு வார ஓய்வு அளிக்கும் அறிவிப்பு தமிழ்நாட்டில் வந்ததே 2021ஆம் ஆண்டில்தான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் இல்லாத, மூன்று நாள் உறங்காத ஒருவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம். இது அடிப்பதற்கான நியாயம் ஆகாது. ஆயினும் ஓய்வு தராத ஆணை கொடுத்தவரும் அடியில் பங்குடையவரே. அதிகாரிகளின் வீடுகளில் காவலர்களைக் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் நாயைப் பார்த்துக்கொள்ளவும் பயன்படுத்தும் ஆர்டர்லி முறை 1979ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக ஆணை உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், 2022ஆம் ஆண்டில், அதனை முற்றாக ஒழிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மேலிருந்து இழிவுபடுத்தப்படுபவர், அந்த இழிவைத் தமக்குக் கீழே உள்ளவர்மீது இறக்கி வைப்பது மனித இயல்பு. காவலருக்குக் கீழே யாரும் இல்லை, பொதுமக்கள்தாம் இருக்கின்றனர்.

முறையீட்டை யாரிடம் சொல்வது?

உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, காவலருக்கு எதிரான முறையீடுகளை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் அமைக்கப்பட வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013ஆம் ஆண்டு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்திற்கு உள்துறைச் செயலரும் மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சியரும் தலைவர்கள் ஆயினர். காவல் அதிகாரிகளும் அவற்றில் உறுப்பினர்கள். திறமையிலோ நேர்மையிலோ அவர்களுக்குக் குறைவில்லை. இருந்தாலும் காவல்துறையோடு நாள்தோறும் சேர்ந்து பணியாற்ற வேண்டியவர்கள் அவர்கள். பாப்பநாயக்கன்பட்டியில் கணவனை இழந்த பெண்ணைப் போன்ற ஒருவர், தம் மாவட்டக் காவல் அதிகாரியும் அமர்ந்திருக்கும் அவையின் முன் சென்று தயக்கமின்றிப் பேசுவாரா என்பதே கேள்வி. நீதிமன்றம் கூறியவாறே, நீதிபதிகளைக் கொண்ட தனித்த ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இயங்குவதுதான் இதற்கு ஏற்ற வழி. அத்தகைய ஆணையம் நல்ல காவலருக்கும் அரண் ஆகும். பொய்ப் புகாருக்கு ஆளானவர், தம் துறையே தம்மைக் காப்பாற்றியது என்னும் பழியின்றி, வெளியாரின் ஆய்வால் தூயவராக வெளிவர அது துணைபுரியும்.

பயிற்சியிலும் மாற்றம் வேண்டும். வருங்காலக் காவலர் ஓடவும் சுடவும் அணிவகுக்கவும் கற்கிறார். குடித்துவிட்டு வசைபாடும் ஒருவரின் முன் ஐந்து நிமிடம் வாய்திறவாமல் நிற்கக் கற்பது அவற்றினும் கடினம். அதற்கும் பயிற்சி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தேர்வும் வைக்கப்பட வேண்டும். உடன் நிற்கும் காவலர் கையோங்கினால் அக்கையைப் பிடித்து நிறுத்துவதும் கடமையே என்று விதிநூலில் எழுதப்பட வேண்டும். தடுத்தவருக்குப் பாராட்டுச் சான்று தரப்பட வேண்டும். தடுக்காமல் பார்த்து நின்றவருக்குக் குற்றக் குறிப்பாணை தரப்பட வேண்டும்.

அயோத்தியாப்பட்டணத்துத் தேநீர்க் கடைக்காரர் "இருக்கட்டுங்க சார்" என்று சொன்ன பின்னும், பத்து ரூபாயைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகும் காவலர்களும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை. மறுநாள் தம் கடையில் திருட்டுப் போனால் எந்தத் தயக்கமும் இன்றிக் காவல் நிலையத்தின் படியேறப் போகிறவர் அந்தக் கடைக்காரர்.